சென்னை மாடியில் ரோஸ் காசித்தும்பை: விதை முதல் விதை வரை

நர்சரியில் பூத்துக் குலுங்கிய காசித்தும்பைச் செடியை ஆசையாக வாங்கி வந்து, இரண்டே வாரத்தில் அது மஞ்சளாகிச் சாய்ந்ததும், “எனக்குச் செடி கைகூடாது” என்று தொட்டியைக் கவிழ்த்து வைத்தவர்கள் எனக்குத் தெரிந்து நான்கைந்து பேர் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் பெரிய தப்பு எதுவும் செய்யவில்லை. காசித்தும்பை ஒரு பருவச் செடி. விதை விழுந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் மூன்றரை, நான்கு மாதம்தான் அதற்கு ஆயுள். கடை வாசலில் உடம்பெல்லாம் பூவோடு நிற்கிறது என்றால் அந்த ஆயுளில் பாதி ஏற்கெனவே போயிருக்கும். போதாக்குறைக்கு, நிழல் வலைக்குள் வளர்ந்த செடியை வண்டியில் வைத்துக் கொண்டுவந்து நேராக மொட்டை மாடி வெயிலில் இறக்குகிறோம். எப்படித் தாங்கும்?

அதனால் இந்தச் செடியை விதையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். முடிக்கும்போதும் கையில் விதை இருக்க வேண்டும். நான் பதினோரு வருடமாக வளர்ப்பது ஒரே விதை வழிதான். நங்கநல்லூரில் தரை வீட்டில் குடியிருந்தபோது எதிர்வீட்டு மாமி நாட்காட்டித் தாளில் மடித்து ஒரு சிட்டிகை விதை கொடுத்தார். இப்போது மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். தரை போய்த் தொட்டி வந்துவிட்டது. பூ மட்டும் அதே வெளிர் ரோஸ், அதே ஒற்றை அடுக்கு.

எந்தக் காசித்தும்பை?

நர்சரிக்காரர்கள் இதைப் ‘பால்சம்’ என்பார்கள். சிவனுக்குச் சாத்தும் வெள்ளைத் தும்பைக்கும் இதற்கும் உறவு கிடையாது. அது துளசிக் குடும்பம், இது வேறு. காசித்தும்பை நம் பக்கத்துக் காட்டுச் செடி. இந்தியா, இலங்கை, மியான்மர்தான் அதன் தாய்வீடு. மழைக்காலத்தில் ஈரச் சரிவுகளில் தானாக முளைத்து, பூத்து, விதை தெறித்து, மண் காய்வதற்குள் தன் வேலையை முடித்துக்கொள்ளும். இதை மனதில் வைத்துக்கொண்டால் அதற்கு என்ன பிடிக்கும் என்பது பாதி புரிந்துவிடும். ஈரம் வேண்டும், ஆனால் சரிவில் வளர்ந்த செடி என்பதால் காலடியில் தண்ணீர் நிற்கக் கூடாது. வெளிச்சம் வேண்டும், ஆனால் அது மழைக்காலத்து மேகம் பாதி மூடிய வெளிச்சமாக இருந்தால் நல்லது. சித்திரை மாதத்துச் சென்னை வெயிலை அதன் பரம்பரை பார்த்ததே இல்லை.

ஒன்றரை முதல் இரண்டரை அடி உயரம் வரும். தண்டு தண்ணீர் நிறைந்து கண்ணாடி மாதிரி இருக்கும். ஓரத்தில் ரம்பப் பல் வைத்த நீண்ட இலை. இலை தண்டோடு சேரும் இடத்தில் மெல்லிய காம்பில் பூ தொங்கும். பூவைத் திருப்பிப் பார்த்தால் பின்னால் வளைந்த ஒரு சின்ன வால் தெரியும். தேன் அதற்குள்தான் இருக்கிறது.

ரோஸ், சிவப்பு, கத்தரிப்பூ நிறம், வெள்ளை என்று நிறங்கள் பல. அடுக்கு மட்டும் இரண்டு வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை அடுக்கு காட்டு வகைக்குக் கிட்டத்தில் நிற்பது. பல அடுக்கு, குட்டி ரோஜா போலத் தண்டை ஒட்டிக்கொண்டு பூக்கும். கடையில் முதலில் கண்ணில் படுவது பல அடுக்குதான். புதியவர்களுக்கு நான் ஒற்றை அடுக்கு ரோஸ் நிறத்தைத்தான் சொல்வேன். அடுக்குப் பூவுக்குள் மழைத் தண்ணீர் தங்கிப் பூ அழுகும், அழுகல் தண்டுக்கும் இறங்கும். விதையும் குறைவாகத்தான் பிடிக்கும். ஒற்றைப் பூவில் தண்ணீர் நிற்பதில்லை. தேனீ தடையில்லாமல் உள்ளே போகும். காய் தவறாமல் பிடிக்கும். பார்வைக்கும் அந்த ஒற்றைப் பூதான் எனக்குப் பிடிக்கும். மெல்லிய காம்பில் அது காற்றுக்கு ஆடுகிற அழகு அடுக்குப் பூவில் வராது.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ‘இம்பேஷன்ஸ்’ என்ற பெயரில் தட்டையான, பளபளக்கும் பூக்களோடு சின்னத் தொட்டிகளில் விற்பார்கள். அவையும் காசித்தும்பையின் பேரினம்தான், ஆனால் கிழக்கு ஆப்பிரிக்கா, நியூ கினி பக்கத்துச் செடிகள். பெரும்பாலும் பெங்களூரிலிருந்தும் மலைப் பக்கங்களிலிருந்தும் வருபவை. நம் ஊர் வெக்கையில் அவற்றைக் காப்பாற்றுவது பெரும்பாடு. முதல் முயற்சிக்கு அவை வேண்டாம்.

அப்புறம், கொடைக்கானலுக்கோ வால்பாறைக்கோ போகும்போது ஈரப் பாறை இடுக்கில் ரோஸ் நிறத்தில் இதே போன்ற காட்டுப் பூக்களைப் பார்ப்பீர்கள். தயவுசெய்து பிடுங்கி வராதீர்கள். இந்தப் பேரினத்தில் இந்தியாவில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றில் பல, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏதோ ஓரிரு சரிவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை. இங்கே கொண்டுவந்தால் ஒரு வாரம்கூட நிற்காது. அங்கேயும் ஒரு செடி குறைந்துவிடும். தோட்டத்துக் காசித்தும்பை விதை ஒரு பாக்கெட் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து நர்சரிகளிலும் விதைக் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். அதைவிட நல்லது, ஏற்கெனவே வளர்க்கும் வீட்டில் கேட்பது. யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

எப்போது விதைப்பது

இந்தச் செடியில் பாதி வெற்றி நாள் பார்த்து விதைப்பதில் இருக்கிறது. உரம், மருந்து எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும், சில நாள் தாண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் காசித்தும்பைக்கு ஒத்துவரும் இரண்டு இடைவெளிகள் இருக்கின்றன.

முதலாவது ஆடி. ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பது வயலுக்குச் சொன்னது என்றாலும் மாடித் தொட்டிக்கும் அப்படியே பொருந்தும். கத்திரி வெயில் அடங்கி, மாலையில் இடியோடு மழை எட்டிப் பார்க்கும் காலம் அது. ஆடி முதல் வாரத்திலிருந்து பதினெட்டாம் பெருக்குக்குள் விதைத்துவிட்டால் நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் பூ வந்துவிடும். அதாவது புரட்டாசி, நவராத்திரி சமயம். கொலுவுக்கு வருகிறவர்கள் பால்கனியைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். அதற்குள் முதல் சுற்றுக் காய்கள் முற்றி, விதை உங்கள் கைக்கு வந்திருக்கும்.

இரண்டாவது மார்கழி. கார்த்திகை மழையும் புயலும் ஓய்ந்தபின், டிசம்பர் பாதிக்கு மேல் விதையுங்கள். மாசியில் பூக்கும். பங்குனி முழுக்க இருக்கும். சித்திரை பிறக்கும்போது செடியும் தளர்ந்துவிடும். பனியும் மிதமான வெயிலுமாக இருக்கும் இந்தப் பருவத்தில் செடி கனமாக, கிளைத்து வரும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு மார்கழிதான் சுலபம் என்பது என் கருத்து. புயல் பயமும் இல்லை, வெயில் பயமும் இல்லை.

ஐப்பசி மழையிலும் சித்திரை, வைகாசி வெயிலிலும் விதைக்கவே வேண்டாம். கோடையில் ரோஸ் நிறப் பூ வேண்டும் என்றால் நித்தியகல்யாணி இருக்கிறது. அது வெயிலுக்கென்றே பிறந்த செடி.

மண்ணும் தொட்டியும்

தரையில் நடும் வசதி இருந்தால் உங்கள் பகுதி மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், கொட்டிவாக்கம் பக்கம் மணல் பாங்கு. தண்ணீர் ஓடிவிடும், சத்தும் கூடவே ஓடிவிடும். அங்கே மக்கிய எருவைத் தாராளமாகக் கலக்க வேண்டும். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் களிமண். மழை நாளில் சொதசொதவென்று நின்று வேரை மூச்சுமுட்ட வைக்கும். அங்கே தரையை விட அரை அடி உயர்த்தி மேட்டுப் பாத்தி போட்டு நடுங்கள்.

தொட்டிக்காரர்களுக்கு எட்டு முதல் பத்து அங்குல அகலத் தொட்டி ஒரு செடிக்குப் போதும். குரோ பேக்கும் சரிதான். மண் தொட்டி என்றால் வேர் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் சீக்கிரம் காயும். நான் பழைய பெயின்ட் வாளிகளில்கூட வளர்த்திருக்கிறேன். அடியில் நான்கைந்து ஓட்டை கட்டாயம் வேண்டும். ஒரே ஓட்டை இருந்தால் அது ஒரு நாள் அடைத்துக்கொள்ளும். அந்த ஒரு நாள் மழை போதும் செடி போக.

கலவைக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்றாகக் கழுவிய தேங்காய் நார்க்கழிவு, ஒரு பங்கு மண்புழு உரம் அல்லது மக்கிய சாண எரு. தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தச் செடியின் வேரில் முடிச்சு முடிச்சாக நூற்புழு பிடிப்பது உண்டு. வேப்பம் புண்ணாக்கு அதை ஓரளவு தடுக்கும். புண்ணாக்கு சேர்த்த மண்ணை லேசாக நனைத்துப் பத்து நாள் ஆறவிட்டு அப்புறம் நடுங்கள். நார்க்கழிவைக் கழுவச் சொன்னதற்குக் காரணம் அதில் இருக்கும் உப்பு. நம் தண்ணீரில் ஏற்கெனவே இருக்கும் உப்பே போதும்.

மொட்டை மாடியில் வைக்கிறவர்கள் தொட்டியைச் சிமென்ட் தரையில் நேராக வைக்காதீர்கள். இரண்டு செங்கல் மேல் வையுங்கள். தரைச் சூடு வேருக்கு ஏறாது, தண்ணீரும் தடையில்லாமல் வடியும்.

விதைப்பது

விதை கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. உருண்டை, பழுப்பு நிறம். நேராகத் தொட்டியில் போடலாம், ஆனால் சென்னையில் எறும்பும் காக்கையும் திடீர் மழையும் இருப்பதால் நாற்று விட்டு நடுவதே பாதுகாப்பு. காகித டீ கப்பில் ஓட்டை போட்டு, பாதி நார்க்கழிவு பாதி மண்புழு உரம் நிரப்பி, கப்புக்கு இரண்டு விதை போடுங்கள். விதையை ஆழப் புதைக்க வேண்டாம். மேலே வைத்து விரலால் லேசாக அழுத்தி, விதை மறையும் அளவுக்குச் சலித்த கலவையைத் தூவினால் போதும். குழாயையோ சொம்பையோ கவிழ்க்காமல் கைத்தெளிப்பானால் நனையுங்கள். வெளிச்சமான, நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

நான்கு முதல் எட்டு நாளில் முளைக்கும். முளைத்த உடனே காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றிவிடுங்கள். இரண்டு நாள் தாமதித்தாலும் வெளிச்சம் தேடித் தண்டு நூல் மாதிரி நீண்டு சாயும். இந்தக் கட்டத்தில் நாற்றுகள் திடீரென்று மண்ணை ஒட்டிய இடத்தில் கறுத்து, வெட்டிப் போட்டது போல விழும். நாற்றழுகல் என்பது இதுதான். காற்றோட்டம் இல்லாததும் ஈரம் அதிகமானதும் காரணம். ஒன்று விழுந்தால் அந்தக் கப்பைத் தனியாக எடுத்துவிட்டு மற்றவற்றுக்கு ஒரு வேளைத் தண்ணீரைக் குறையுங்கள். இரண்டு விதையும் முளைத்திருந்தால் இளைத்ததைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடும்.

மூன்று வாரத்தில், முளைக்கும்போது வந்த முதல் ஜோடி இலையைச் சேர்க்காமல், நான்கு நிஜ இலை வந்துவிடும். நடுவதற்கு அதுதான் பருவம்.

நடவும் வெயிலும்

மாலையில் நடுங்கள். நட்ட செடிக்கு முழு ராத்திரி ஓய்வு கிடைக்கும். கப்பைக் கிழித்து மண் கட்டியோடு இறக்குங்கள். தண்டு நீண்டிருந்தால் ஓர் அங்குலம் ஆழமாக நடலாம், கீழ்த் தண்டிலிருந்தும் வேர் விடும். தரையில் என்றால் செடிக்குச் செடி ஓர் அடி இடைவெளி. நெருக்கி நட்டால் பார்க்க நிறைவாக இருக்கும், ஆனால் நடுவில் காற்று போகாமல் சாம்பல் நோய் வரும்.

கிழக்குப் பார்த்த பால்கனி இந்தச் செடிக்கு வாய்த்த இடம். காலையில் நான்கைந்து மணி நேரம் வெயில், மதியத்துக்கு மேல் நிழல். மார்கழி நடவுக்கு முழு வெயிலும் தாங்கும். ஆடி நடவுக்கும் மேற்குப் பார்த்த பால்கனிக்கும் மதிய மறைப்பு கட்டாயம். ஐம்பது சதவீத நிழல் வலை கட்டலாம். இல்லாவிட்டால் துணி காயப்போடும் கொடியில் பழைய வெள்ளை வேட்டி ஒன்றைப் போட்டுவிடுங்கள், அதுவும் வேலைக்கு ஆகும். வடக்குப் பார்த்த இடத்தில் செடி வளரும், பூ நாலு வரும், அவ்வளவுதான்.

கடற்கரைக்குக் கிட்டத்தில் இருப்பவர்கள் காற்றையும் பார்க்க வேண்டும். உப்புக் காற்று இலை ஓரத்தைக் கருக்கும். தண்டு தண்ணீர்த் தண்டு, சட்டென்று ஒடியும். கைப்பிடிச் சுவரின் மறைவில் வைத்து, ஒரு மூங்கில் குச்சி ஊன்றி, வாழை நாரால் தளர்வாகக் கட்டிவிடுங்கள்.

நுனி கிள்ள வேண்டுமா என்று கேட்பார்கள். அரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும், பூவும் கூடும், ஆனால் முதல் பூ ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போகும். ஆடிச் செடிக்கு அந்த நேரம் இல்லை, ஐப்பசி மழை வந்துவிடும். அதை நான் கிள்ளுவதில்லை. மார்கழிச் செடியைக் கிள்ளுவேன்.

தண்ணீர்

புதியவர்கள் கையில் இந்தச் செடி போவதற்குத் தண்ணீர்தான் பெரும்பாலும் காரணம். அதுவும் குறைவான தண்ணீரால் போவதைவிட அதிகமான தண்ணீரால் போவதே அதிகம்.

மதியம் இரண்டு மணிக்குப் பாருங்கள், இலை எல்லாம் துவண்டு, துணி காயப்போட்டது போலத் தொங்கும். பார்த்ததும் மனசு கேட்காது, ஓடிப்போய் ஒரு சொம்பு ஊற்றத் தோன்றும். பொறுங்கள். விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்றவே கூடாது. இலை ஆவியாக விடும் தண்ணீரை அந்த நேரத்தில் வேரால் அதே வேகத்தில் ஏற்ற முடியவில்லை. வெயில் சாய்ந்து கடல் காற்று வந்ததும் தானாக நிமிர்ந்துவிடும். ஈர மண்ணில் மேலும் மேலும் ஊற்றினால் வேர் அழுகி, அதனாலேயே செடி இன்னும் துவளும். நீங்கள் இன்னும் ஊற்றுவீர்கள். முதல் வருடம் மாடியில் நான் ஏழு செடியை இப்படித்தான் இழந்தேன். மண் காய்ந்திருந்தால் மட்டும் செடியை நிழலுக்கு நகர்த்திவிட்டு நிதானமாக ஊற்றுங்கள்.

மாலையிலும் நிமிராமல், மறுநாள் காலையிலும் துவண்டே இருந்தால் அது வேறு சங்கதி. தண்டின் அடியைத் தொட்டுப் பாருங்கள். மெதுமெதுவென்று பழுப்பாக இருந்தால் அழுகல் அல்லது வாடல் நோய். செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். அந்த மண்ணை மறுபடி இதே செடிக்குப் பயன்படுத்த வேண்டாம்.

மற்றபடி வழக்கம் இதுதான்: காலை ஏழு மணிக்குள் ஒரு முறை, அடியில் வடியும்வரை. மாசி முடிந்து வெயில் ஏறினால் சின்னத் தொட்டிகளுக்கு மாலையிலும் கொஞ்சம். பூவாளியின் வாயை மண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்து ஊற்றுங்கள், இலையையும் பூவையும் நனைக்க வேண்டாம். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் வடிந்த தண்ணீரை அன்றைக்கே கொட்டிவிடுங்கள். வேருக்கும் நல்லது, கொசுவும் முட்டை வைக்காது. மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க வருகிறவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது அந்தத் தட்டைத்தான்.

போர் தண்ணீர் ஊற்றுபவர்கள் தொட்டியின் விளிம்பைக் கவனியுங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு. இலை நுனி கருகுவதும் அதனால்தான். பதினைந்து நாளுக்கு ஒரு முறை மெட்ரோ தண்ணீரோ, பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ தொட்டி நிறைய ஊற்றி வடியவிட்டால் உப்பு கழுவிக்கொண்டு போய்விடும். குழாயில் வரும் தண்ணீரில் குளோரின் வாடை தூக்கலாக இருந்தால் வாளியில் ஒரு ராத்திரி திறந்து வைத்திருந்து ஊற்றுங்கள்.

விடாமல் மழை பெய்கிற நாளில் தொட்டியைச் சன்ஷேடுக்குக் கீழே நகர்த்துங்கள். நகர்த்த முடியாத தொட்டியை ஒரு பக்கம் செங்கல் வைத்துச் சாய்த்து விடுங்கள்.

உரம்

அதிகம் வேண்டாம். நல்ல கலவையில் நட்டிருந்தால் இருபது நாள் வரை எதுவும் தேவையில்லை. அப்புறம் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து ஊற்றலாம். கடலைப் புண்ணாக்கு ஊறிய தண்ணீர் என்றால் பத்து மடங்கு நீர்க்க வைத்து ஊற்றுங்கள். மொட்டு வந்ததும் புண்ணாக்குத் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். தழைச்சத்து கூடினால் இலை கொழுத்துப் பூ அதற்கடியில் மறைந்துவிடும். ஏற்கெனவே மறைந்திருந்தால் பூவை மூடும் இலைகளில் நாலைந்தைக் கிள்ளி எடுங்கள், செடிக்கு ஒன்றும் ஆகாது.

பூச்சியும் நோயும்

தினமும் காலையில் ஓர் இலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தப் பகுதியே தேவைப்படாது. நுனிக் குருத்தில் அசுவினி கூட்டமாக ஒட்டியிருந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மீதிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல், மாலையில் தெளியுங்கள். பூவில் படாமல் தெளியுங்கள், மறுநாள் காலையில் தேனீ வரும். வெயில் ஏறும் பங்குனியில் இலை மங்கலாகி, அடியில் மெல்லிய வலை தெரிந்தால் செஞ்சிலந்தி. அதற்கும் இதே வேப்பெண்ணெய்தான், இலையின் அடிப்பக்கம் நனையும்படி.

மாசிப் பனியில் இலை மேல் விபூதி தூவியது போல வெள்ளை படியும். அதுதான் சாம்பல் நோய். மோசமான இலைகளைக் கிள்ளிவிட்டு, புளித்த மோர் நூறு மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து தெளித்தால் மட்டுப்படும். செடிகளை விலக்கி வைத்துக் காற்றோட்டம் கொடுத்தால் திரும்ப வராது.

ஒரே ராத்திரியில் கிளை மொட்டையாகி இருந்தால் கவலைப்படாமல் தேடுங்கள். வாலில் ஒற்றைக் கொம்பும் பக்கவாட்டில் கண் போன்ற பொட்டுகளுமாக ஒரு தடித்த புழு இருக்கும். பருந்து அந்துப்பூச்சியின் புழு அது. கடிக்காது, கொட்டாது. குச்சியில் ஏற்றித் தள்ளியிருக்கும் செடிக்கோ காலி மனைக்கோ கொண்டுபோய் விட்டுவிடுங்கள். நான் ஓரமாக ஒரு செடியை அதற்கென்றே விட்டிருக்கிறேன். சாயங்காலம் அந்துப்பூச்சி பறந்தபடியே பூவில் தேன் குடிப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் அதன் புழுவுக்கும் இடம் கொடுத்தாக வேண்டும்.

பூ வந்தபின்

தொடுக்கவோ தலையில் வைக்கவோ இந்தப் பூ ஏற்றதில்லை, இதழ் அவ்வளவு மெல்லியது. உருளியில் தண்ணீர் ஊற்றி மிதக்க விடலாம். கேரளத்தில் ஓணத்துப் பூக்களத்துக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள். வடக்கே இதற்கு ‘குல்மேந்தி’, அதாவது மருதாணிப் பூ என்று பெயர். மருதாணியில் நிறம் கொடுக்கும் அதே லாசோன் என்ற பொருள் இதிலும் இருக்கிறது. இதழை அரைத்து நகத்தில் வைத்துப் பார்க்கலாம், குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

புதிதாக விரிந்த பூவின் நடுவில் ஒரு சின்ன வெள்ளைக் குல்லாய் தெரியும். மகரந்தப் பைகள் ஐந்தும் ஒட்டிச் சூலகத்தை மூடிக்கொண்டிருக்கும் குல்லாய் அது. ஒன்றிரண்டு நாளில் அது கழன்று விழுந்தபிறகுதான் சூல்முடி வெளியே தெரியும். அதாவது ஒரு பூ முதலில் மகரந்தம் கொடுக்கும், பிறகு வாங்கும். கொடுக்கல் வாங்கல் செய்வது தேனீ. வெள்ளையும் சிவப்பும் ரோஸும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அடுத்த தலைமுறையில் நிறம் கலந்து வரும் என்பதற்குக் காரணமும் இதுதான். ரோஸ் மட்டுமே வேண்டும் என்றால் ஒரே நிறத்தை வளர்ப்பது நல்லது. வேறு நிறம் தலைகாட்டினால் அந்தச் செடியை வேறு பால்கனிக்கு மாற்றிவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம் வாடிய பூக்களைக் கிள்ளி எடுத்தால் செடி தொடர்ந்து மொட்டு விடும். அப்புறம் நிறுத்திவிட்டு, நல்ல செடியாக இரண்டு தேர்ந்தெடுத்து வாழை நாரில் ஒரு முடிச்சு போட்டு அடையாளம் வையுங்கள். நோய் வராதது, நன்றாகக் கிளைத்தது, நிறம் சுத்தமாக இருப்பது. விதை அவற்றிலிருந்து மட்டும்.

விதை எடுப்பது

1753இல் லின்னேயஸ் இதற்கு வைத்த பெயர் ‘இம்பேஷன்ஸ் பால்சமினா’. முதல் சொல்லுக்கு லத்தீனில் பொறுமையில்லாதது என்று பொருள். காயைத் தொட்டால் ஏன் என்று தெரிந்துவிடும். ரோமம் படர்ந்த பச்சைக் காய், நடுவில் உப்பி இரண்டு பக்கமும் கூம்பியிருக்கும். முற்ற முற்றத் தோலில் அழுத்தம் ஏறும். கடைசியில் காற்று பட்டாலும் தோல் ஐந்து கீற்றாகப் பிளந்து உள்நோக்கிச் சுருள, விதைகள் தெறித்து ஓடும். மாடியில் அது நடந்தால் விதை சிமென்ட் தரையிலும் மழைநீர்க் குழாயிலும்தான் போய்ச் சேரும்.

எப்போது எடுப்பது என்பதைக் கண்ணும் கையும் பழகித்தான் கற்கும். காயின் அடர்பச்சை வெளுத்து லேசாக மஞ்சள் தட்டும். வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் உள்ளே விதை கறுப்பாக நிழலாடும். அந்தச் சமயம் ஒரு கையைக் கிண்ணமாகக் குவித்துக் காயைச் சுற்றிப் பிடித்து, மற்ற கையால் லேசாக அழுத்துங்கள். உள்ளங்கைக்குள் வெடிக்கும். விதை பழுப்பாக இருந்தால் முற்றியது. வெள்ளையாக இருந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள், மற்றக் காய்களை இரண்டு நாள் விடுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். என் மகள் ஐந்து வயதில் காயின் நிறம் பார்த்துச் சொல்லக் கற்றது இப்படித்தான்.

வேலைக்குப் போகிறவர்களுக்குத் தினமும் நின்று பார்க்க நேரம் இருக்காது. நவராத்திரியில் தாம்பூலம் வைத்துக் கொடுக்கும் மெல்லிய வலைப்பை ஒன்றைக் காய்க் கொத்தின் மேல் மாட்டி நாடாவை இழுத்துக் கட்டிவிடுங்கள். வெடித்த விதை பைக்குள்ளேயே இருக்கும், சனிக்கிழமை எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்த விதையை மூன்று நான்கு நாள் நிழலில், காகிதத்தில் பரப்பிக் காய வையுங்கள். வெயிலில் வேண்டாம். சென்னையில் விதைக்கு எதிரி காற்றில் இருக்கும் ஈரம். அதனால் காகித உறையில் போட்டு, அந்த உறையை இறுக மூடும் கண்ணாடிப் பாட்டிலில் வைத்து, மாத்திரை டப்பாவிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்றையும் உள்ளே போடுங்கள். உறை மேல் நிறம், அடுக்கு, எடுத்த மாதம் மூன்றையும் எழுதுங்கள். ஒரு வருடத்துக்குள் விதைத்துவிடுங்கள்.

காய்த்து ஓய்ந்த செடியைப் பிடுங்கி, நோய் இல்லாததாக இருந்தால் கம்போஸ்ட்டில் போடலாம். மண்ணைக் கொட்டிப் பரப்பி நல்ல வெயிலில் ஒரு வாரம் காயவிட்டு, பாதிக்குப் பாதி புது எரு கலந்து வைத்தால் அடுத்த பட்டத்துக்குத் தயார். அதே தொட்டியில் அடுத்த முறை கீரையோ வேறு பூவோ போட்டு, காசித்தும்பையை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். தரையில் வளர்ப்பவர்களுக்கு இந்த வேலையெல்லாம் பாதிதான். தெறித்த விதை அடுத்த மழைக்குத் தானாக முளைக்கும், நெருக்கமானதை எடுத்து இடம்விட்டு நடுவது மட்டும் உங்கள் வேலை.

கடைசியாக, விதையை இரண்டு பங்காக்கி ஒரு பங்கை வேறு பகுதியில் இருக்கும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டிய இரண்டு நாளில் எங்கள் மொட்டை மாடிப் படிக்கட்டு அறையில் தண்ணீர் கசிந்து, அங்கே அலமாரியில் காகித உறையில் வைத்திருந்த என் விதை முழுக்கப் பூசணம் பிடித்துவிட்டது. மார்கழி விதைப்புக்குக் கையில் ஒரு விதை இல்லை. முந்தின வருடம் அம்பத்தூரில் இருக்கும் தோழி ஒருத்திக்கு ஒரு பொட்டலம் கொடுத்திருந்தது நினைவுக்கு வந்து போன் செய்தேன். ஆடியில் அவள் போட்டது நன்றாக வந்து, விதையும் எடுத்து வைத்திருந்தாள். அடுத்த வாரம் மின்சார ரயிலில் போய் வாங்கி வந்தேன். நாட்காட்டித் தாளில்தான் மடித்துக் கொடுத்தாள்.